ஞாயிறு வராமல் பார்த்துப் போட்ட தேதிகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். சின்னவனைக் கேட்டிருந்தாய். ஆறு மாதமாக வலிப்பு வரவில்லை. உன் வேண்டுதல்தான்.

உன் வீட்டுக்காரர் வேலை கேட்டுப் போகிற கம்பெனியெல்லாம் வேலைநீக்க உத்தரவைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்களாம். இருபதாம் தேதி லேபர் கோர்ட் விசாரணை நல்லபடியாக முடிய என்னையும் வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். சாமி முன்னால் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை.

அவரை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்ட நான்தான் அந்த உத்தரவை எழுதினேன்.

தம்பி மிஷின் பக்கத்தில் தூங்கியது ஒரே ஒரு நாள். அதுவும் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த களைப்பில். அன்று எங்கள் வீட்டுக்காரர் வந்து, "முன்னெல்லாம் முதலாளி நாளைலேர்ந்து வராதேன்னா முடிஞ்சுது. இப்ப மூணு தடவை எச்சரிச்சதா காகிதத்துல இருக்கணுமாம். மேனேஜர்னு பேரு, எனக்கு நாலு வரி வரமாட்டேங்குது. நீ எழுது. தேதியும் நீயே போடு" என்றார். பள்ளிக்கூடம் போகாமல் எழுதக் கற்றவள் இல்லையா, உச்சி குளிர்ந்துவிட்டது. நடக்காத எச்சரிக்கைக்கு ஞாயிறு வராமல் பார்த்து மூன்று தேதி போட்டேன். பால் வராத நாளைக்கூடத் தப்பாமல் குறிக்கிறவள் நான். அதை அப்படியே டைப் அடித்து இவர் கையெழுத்துப் போட்டார்.

நேற்று என் வீட்டு நோட்டைப் புரட்டினேன். உத்தரவில் மூன்றாவது எச்சரிக்கை ஜூன் பதினேழு, பகல் இரண்டு மணி, நேரில். நோட்டில் அதே நாள் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "சின்னவனுக்கு வலிப்பு. இவர் வெளியூர். தம்பி லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். சாயங்காலம் வரை கூட இருந்தார்."

எச்சரிக்கையே நடக்கவில்லை என்று தம்பி சொன்னதை யாரும் நம்பவில்லை என்றாயே. இதை நம்புவார்கள். பக்கத்தைக் கிழிக்கவில்லை, நோட்டு முழுவதையும் அனுப்புகிறேன். கூப்பிட்டால் நானே வந்து சொல்வேன்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இனி இவருக்கும் ஒரு உத்தரவு வரலாம். அதிலாவது தேதிகள் உண்மையாக இருக்கும்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. என்னை விடு. சின்னவனுக்காக வேண்டிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிடாதே, தாயே.

இப்படிக்கு,
அக்கா