பால் கலந்த இரும்பு

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் "ம்" என்று ஓர் எழுத்தில் முடித்துவிடுகிறாய், அதனால் கேட்கவில்லை, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் புதிய செய்தி. இன்று காலை நிலவரப்படி உன் சித்தப்பாவின் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் தண்ணீர் சிவப்பாக இல்லை. நானே கண்ணாடி டம்ளரில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் அப்பா சொன்னதை மட்டும் நம்பி நான் எதையும் எழுதுவதில்லை, அது பத்திரிகை வேலையில் வந்த பழக்கம்.

நடந்தது இதுதான். இனியும் நிறத்தோடு தண்ணீர் வெளியே வந்தால் பட்டறைக்குப் பூட்டு என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா முகம் தொங்கிப்போய் நம் வீட்டு நாற்காலியில் வந்து விழுந்தார். உடனே உன் அப்பா, "நம்ம பையன் ஆராய்ச்சியே இதுதானேடா, தேயிலைத் தண்ணியில இரும்பு உப்பைக் கரைச்சா கண்ணுக்கே தெரியாத நானோ இரும்புத் துகள் கிடைக்கும், விஷ ரசாயனமே வேண்டாம், அது சாயத்தைத் தின்னுடும்" என்று தானே கண்டுபிடித்தவர் போல அளந்துவிட்டார். குடிநீரில் உள்ள ஆர்செனிக்கை நீக்கவும் அது உதவும் என்று நீ சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்து வழுக்கைக்கும் நல்லது என்பாரோ என்று பயந்தேன்.

அண்ணனும் தம்பியும் சிக்கனம் பார்த்து, டீக்கடையில் கொட்டுகிற தூளை வாளி நிறைய அள்ளி வந்தார்கள். அந்தக் கடையில் தூளைப் பாலில் போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். தினமும் அங்கே டீ குடிக்கிற இருவருக்கும் இது தோன்றவில்லை. இரும்பு உப்பு விழுந்ததும் வாளியில் இருந்தது திரிந்தது, பட்டறையே மூக்கைப் பொத்திக்கொண்டது. சித்தப்பா மட்டும் எனக்குப் போன் செய்து, "அண்ணி, துகள் நல்லா பெருசு பெருசா தெரியுது!" என்று குதித்தார். "கண்ணுக்குத் தெரிஞ்சா அது நானோ துகள் இல்ல தம்பி, திரிஞ்ச பால்" என்றேன்.

அப்புறம் நான் போய், பால் படாத தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். இரும்பு உப்பைச் சேர்த்ததும் கன்னங்கரேல் என்றானது. அதைத் தொட்டியில் ஊற்றி, துணி வெளுக்க வைத்திருக்கும் பெராக்சைடையும் அளவாகச் சேர்த்ததும், தொட்டியின் சிவப்பு மெல்ல வெளிறி மங்கிய பழுப்பானது. உன் அப்பா தேர்தலில் ஜெயித்தவர் போலப் பட்டறையைச் சுற்றி வந்தார்.

எனக்குத்தான் சந்தேகம். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பைப் போட்டுச் செய்த அந்தக் காலத்து எழுதும் மையும் இப்படித்தான் கறுக்கும். நாங்கள் செய்தது உன் துகளா, வெறும் மையா? நிறம் போனது உறுதி, தண்ணீர் சுத்தமானது உறுதியில்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா, "அண்ணி, அந்த அதிகாரியே தேவலை" என்றார். தொட்டி நிரம்பிவிட்டதால் வேலை நிற்கிறது, ஆட்கள் கேரம் ஆடுகிறார்கள், அவர் என்னோடு பேசுவதில்லை.

தொட்டித் தண்ணீரின் மாதிரி ஒன்று பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறது. முடிவு வியாழக்கிழமை வரும் என்றார்கள், வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். துகளா மையா என்பதையும், தண்ணீரில் மிஞ்சிய இரும்பை எப்படி எடுப்பது என்பதையும் அதற்குள் எழுது, "ம்" செல்லாது. உடம்பைப் பார்த்துக்கொள், உன் கை வைத்ததெல்லாம் துலங்கட்டும். முடிவு வரும்வரை, தொட்டியைத் திறந்துவிடும் வால்வின் கைப்பிடியைக் கழற்றி என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா