நீல மூடி போட்ட டப்பா

பாப்பா,

போன புதன்கிழமை லேபில் என் மானம் போனது. ரத்தம் எடுத்து முடித்த பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, பாத்ரூம் அந்தப் பக்கம் என்றாள். நீல மூடி. திருகித் திறந்து உள்ளே பார்த்தேன். "ஸ்பூன் இல்லையேம்மா" என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய தொண்டை, மெதுவாகப் பேச வராது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "சார், இது யூரினுக்கு" என்றாள்.

எனக்கும் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினேன். வந்த வேலையை மறந்து டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளியே ஆள் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

நீ கொண்டுவரும் டப்பாவுக்கும் இதே நீல மூடிதான். மூடியின் உள்பக்கம் ஒரு குட்டி ஸ்பூன் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை நீ அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தபோது, ஏதோ புது மாதிரி ஊறுகாய் டப்பா என்று நினைத்தேன். மலம் எடுத்து வைக்க என்று நீ சொன்னதும் உன் அம்மா அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்தாள். அன்றைக்கே மேஜையை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

என் பெண் இதய டாக்டர் என்று மந்தைவெளி டெப்போ முழுக்கப் பெருமை அடித்தவன் நான். அந்தப் பெண் கடைசியில் வயிற்றுப் பூச்சியை ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று தெரிந்தபோது, "பூச்சியா?" என்றுதான் கேட்டேன். பூச்சி இல்லை, நுண்ணுயிர் என்று நீ திருத்தினாய். என்னோடு பல வருஷம் 5பி பஸ் ஓட்டிய டிரைவர் எல்லப்பன் விடுவானா? டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "இன்னா நைனா, உன் பொண்ணு நெஞ்சத் தொறந்து ஆபரேசன் பண்ணும்னு பாத்தா, இத்த அள்ளிக்கினு கீதாமே?" நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அவரையும் கூட்டிட்டு வாப்பா, ஆள் பத்தல" என்றாய்.

எனக்குப் புரிய வேண்டும் என்று பஸ்ஸை வைத்தே சொன்னாய். இதயம் பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் காலில் மட்டும் தேங்குவதில்லை, குடலின் சுவரிலும் தேங்கும். சுவர் ஊறிப்போனால் அது கதவு சரியாகச் சாத்தாத பஸ். உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் நடுரோட்டில் இறங்கி ரத்தத்துக்குள் கலந்துவிடும். அதனால் இதயம் இன்னும் கெடுகிறதா என்பதுதான் உன் கேள்வி. "கெடுதா?" என்று கேட்டேன். "தெரியலப்பா. தெரியலன்னு சொல்லத்தான் சம்பளம்" என்றாய். பத்தாவதில் கணக்கில் நானும் அதைத்தான் எழுதிவைத்தேன், எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

இந்தக் கேள்வியை எங்கிருந்து பிடித்தாய் என்றும் ஒருநாள் சொன்னாய். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து படுக்கிறவர்கள், நெஞ்சைப் பற்றிப் பேசுவதைவிட வயிற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்களாம். பசி இல்லை, இரண்டு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடுகிறது என்று. "நாங்க எல்லாரும் நெஞ்சுலயே ஸ்டெதாஸ்கோப்பை வச்சிட்டிருந்தோம்ப்பா." அதற்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் பாதி நாள், ஃப்ரீஸரோடு பாதி நாள் என்று ஆகிவிட்டது உன் பிழைப்பு. ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியதைத் திருப்பி அனுப்புவார்கள். நீ மறுபடி எழுதுவாய்.

நோயாளிகளோடு வைத்துப் பார்க்க, அதே வயசில் இதயம் நன்றாக இருக்கிறவர்களும் வேண்டும். அதற்குத்தான் நான். "நீ நார்மல்ப்பா" என்றாய். என்னைப் பார்த்து யாரும் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உன் அம்மா சமையலறையிலிருந்து, "நல்லாப் பாத்துச் சொல்லுடி" என்றாள்.

அப்போது நீ அடையாறுக்குப் போய்விட்டிருந்தாய். ஆஸ்பத்திரி பக்கம், டியூட்டி அப்படி. போனில்தான் பேச்சு, அதுவும் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். டப்பா வந்த பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு காலை உன் ஸ்கூட்டர் வாசலில் நிற்கும். முன்னால் ஐஸ் பெட்டி. நான் டப்பாவைத் துண்டில் சுற்றி, கோயில் பிரசாதம் மாதிரி கொண்டுவந்து கொடுப்பேன். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாய். இந்த வாரம் என்னென்ன சாப்பிட்டே, மாத்திரை ஏதாவது போட்டியா, தயிர் எத்தனை வேளை?

அந்தக் கேள்விகளுக்கு நான் எவ்வளவு மெதுவாகப் பதில் சொல்வேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். திங்கட்கிழமை குழம்பில் ஆரம்பித்து, அந்த முருங்கைக்காய் எந்தக் கடையில் வாங்கியது, கடைக்காரன் என்ன சொன்னான் என்று ஊரைச் சுற்றி வருவேன். செவ்வாய்க்கிழமை வத்தக்குழம்பு என்று நான் சொன்னால், உன் அம்மா உள்ளேயிருந்து, அது புதன்கிழமை என்பாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சண்டை. நீ பேனாவை வைத்துவிட்டு இன்னொரு இட்லி போட்டுக்கொள்வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மூடும்போது, "போதும்ப்பா, உன்னோடது முடிஞ்சுது. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல" என்றாய். நல்லது என்றேன். வாசல்வரை வந்தேன். "ஹெல்மெட்டை மாட்டு" என்றேன். மாட்டிக்கொண்டாய். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன்தான்.

போன வருஷம் மழைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். உன்னோடு வேலை பார்த்தவர்களே ராப்பகலாக நின்று பார்த்தார்கள், முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, பாப்பா. இன்னும் வரவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வாசலில் கூட்டம் நெரிந்தது. நான் கதவருகே நின்று, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். எல்லப்பன்தான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

இரண்டு வாரம் முன்னால் ஷமீம் போன் பண்ணினாள். உனக்குக் கீழே படித்த ராயப்பேட்டைப் பெண். உன் வேலையை அவள்தான் எடுத்து நடத்தப் போகிறாளாம். ஃப்ரீஸரில் இருக்கிற சாம்பிள்களை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடலாமா என்று கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் மறுபடி கேட்க வேண்டுமாம். என்னுடையதும் அப்படியே இருக்கிறது என்றாள். என் பெண் இல்லை, என்னுடையது பத்திரமாக இருக்கிறது. இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வச்சுக்கோம்மா என்றேன். இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க, இப்போது இன்னும் ஒன்று வேண்டும் என்றாள். அதற்கு நான் இன்னும் நார்மலாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் லேபுக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. இந்த ஒரு பரீட்சையில் மட்டும் தேறிவிட வேண்டும் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை ஷமீம் சொன்னாள். "சுகர் லேசா எட்டிப் பாக்குது அங்கிள். ஆனா நீங்க நார்மலுக்கு உள்ளதான் இருக்கீங்க."

இன்று காலை வந்தாள். ஐஸ் பெட்டி அதேதான், மூலையில் உன் ஸ்கூட்டர் இடித்த கீறல்கூட இருக்கிறது. அதே நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன சாப்டீங்க அங்கிள்?" என்று கேட்டாள். தடுமாறுவேன் என்று உன் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் தடுமாறவில்லை. திங்கள் காலை உப்புமாவிலிருந்து நேற்று ராத்திரி மோர் வரை வரிசையாகச் சொன்னேன். நீ போதும் என்ற நாளிலிருந்து நான் நிறுத்தவே இல்லை, பாப்பா. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அன்றைக்கு என்ன என்று மனசுக்குள் ஒருதரம் சொல்லி வைத்துக்கொள்கிறேன். நீ போன பிறகும். யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

உன் அம்மா ஒன்றும் திருத்தவில்லை. ஷமீமுக்கு இரண்டு இட்லி வைத்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண், "இது போதும் அங்கிள், இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள். வாசல்வரை போனேன். "ஹெல்மெட் மாட்டிக்கோம்மா" என்றேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அன்றைக்கு உன்னிடம் சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை, இன்றைக்கு அவளிடமும் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

டப்பா இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வா.