வாசலில் ஓடிய ஆறு

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு,

அம்மா அம்சவள்ளி எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் தூங்கி எழுந்தால் போதும், எங்களுக்கு அதுதான் நலம். மற்றபடி நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலத்தெரு உண்ணாமலை மகன் திருமுருகன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொத்தவரங்காய் வத்தலும் பருப்புப் பொடியும் கொடுத்து, அதற்குள் இதையும் வைத்திருக்கிறேன். வத்தலை வெயிலில் ஒருமுறை காட்டிவிட்டு டப்பாவில் போடு. நம் ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. நான் கூலிக்குப் போகும் கொல்லையில் மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டது, அதனால் வேலையும் சரியாக இல்லை. எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம், அது என்னோடுதான் போகும்.

தடுப்பணையை எடுக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததைப் பார்த்துவிட்டு, ஜெயிச்சிட்டீங்கப்பா என்று போனில் கைதட்டினாயே, அவரும் ஆமாம்மா என்றார். அதற்குப் பிறகு நடந்த எதையும் உன்னிடம் சொல்ல அவர் என்னை விடவில்லை. அந்த அணை என்ன செய்தது என்பது உனக்குத் தெரியாததில்லை. மண் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் கீழே போகாமல் பின்வாங்கி நம் கீழத்தெருவுக்குள் புகுந்தது, நம் சனங்களைப் புதைக்கும் இடுகாடும் முழுகிப்போனது. நம் தெருப் பாப்பாயி செத்தபோது இடுப்பளவு தண்ணீரில் பாடையோடு நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ரோட்டோரத்தில் குழி வெட்டினார்கள். உன் தம்பி மணிவேலைப் புதைத்த இடத்துக்கு மேலே தூண்டில் போட்டு ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறார்கள். அந்த மீன் நம் வீட்டு அடுப்பில் ஏறுவதில்லை. ஊர் நன்மைக்காக என்று வெளியில் சொன்னாலும், உன் அப்பா சென்ட்ரிங் வேலையைக்கூட விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

கடைசியில் ஆற்றை மீட்கும் திட்டம் என்று ஒரு கூட்டம் வந்தது. அணையை உடைத்து, வண்டலை அள்ளி, ஆறு முன்பு எவ்வளவு அகலம் இருந்ததோ அந்த அகலத்துக்கே கொண்டுவந்து, இரண்டு கரையிலும் மரம் வைப்பார்களாம். பூவிழி என்று ஒரு பெண், நல்ல குணம், அவள் வீடு வீடாக வந்து ஆறு முன்பு எங்கே ஓடியது என்று கேட்டாள். உன் அப்பாவை எந்த ஆபீசிலும் யாரும் உட்கார வைத்துப் பேசியதில்லை. இவள் எதிரில் தரையில் உட்கார்ந்து ஐயா, ஐயா என்று கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எங்க ஓடுச்சா, எங்க வாசப்படியிலதாம்மா ஓடுச்சு, வூட்டுல குந்திக்கிட்டே கால நனைக்கலாம் என்று ஒரே பெருமை. எந்தக் காலத்தில் பார்த்தார்? நம் ஊர்ப் பேச்சே அப்படித்தானே. குரும்பலூர் பஸ் நம் வாசலிலேயே நிற்கும் என்றுதான் நானும் சொல்கிறேன், மெயின்ரோட்டுக்கு ஓடிப்போய் ஏறுவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. அவள் வெளியூர்ப் பெண், அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவர்கள் நம் நிலைக்கதவில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். தெரு முழுக்க ஆற்றுக்குள் வருகிறதாம்.

உன் அப்பா ஓடினார். அது பேச்சுக்குச் சொல்றதும்மா, வாசல்னா வாசலேவா என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார். அவளுக்கு முகமே செத்துவிட்டது. உடனே இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் கெட்டவர் இல்லை, சரி, மண்ணையே கேட்டுவிடுவோம் என்று நம் குழாயடியில் துளை போடச் சொன்னார். மேல்மண் போனதும் வெள்ளை மணலும் கூழாங்கல்லும் ஆற்றுச் சிப்பியும் வந்தன. இவர் பெருமைக்கு விட்ட கதை நிஜமாகவே நிஜமாகிவிட்டது. அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். சர்க்காரில் நமக்கு மனைக்கட்டு கொடுத்தார்கள், கொடுத்தார்கள் என்று எத்தனை கும்பிடு போட்டிருப்போம். ஆறு ஓடிய குழியை மேடாக்கி, வேறு எவனும் வேண்டாம் என்றதை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். இனி அதுவும் இல்லை.

இன்ஜினியர் தெருக்காரர்களைக் கூட்டி ஒளிக்காமல் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றால் திட்டத்தை விட்டுவிடுவோம், அணை அப்படியே இருக்கும். சரி என்றால் சுண்ணாம்புக்கல் தோண்டி விட்ட பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாற்று இடம். நான் போய்ப் பார்த்தேன், ஒதுங்க ஒரு மரம் கிடையாது, தண்ணீர் லாரியில்தான் வரும். எதிர்வீட்டுப் பஞ்சநாதன், அண கெடந்து தொலையட்டும், வூடாவது மிஞ்சும், மனு கொடுத்த நீயே சொல்லிடு மாமா என்றான். எல்லோரும் இவர் வாயைப் பார்த்தார்கள். இவர் எழுந்து நின்றார். அணய எடுத்துடுங்க சார் என்றார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சுவர் விழுந்தவர்கள் அவரோடு சேர்ந்து கையைத் தூக்கிவிட்டார்கள், திட்டம் நிலைத்துவிட்டது. மற்றவர்கள் நம்மோடு பேசுவதில்லை. குழாயடியில் எனக்குக் குடம் வைக்க இடம் விடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் நானும் கத்தித் தீர்த்தேன், பொய் சொல்லவில்லை. அவன் தண்ணியில கெடக்கான், நமக்கு மட்டும் மேடு கேக்குதா என்று அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். அளவு எடுப்பதற்காக மதகைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். உன் அப்பா கோயிலுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார். அங்கே என்ன இருக்கிறது? ஆளுயரத்துக்கு வண்டல், வெடித்து, ஒரே மட்டமாக. மேடுமில்லை, கல்லுமில்லை, யாரை எங்கே வைத்தோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தை பிறந்ததும் ஜேசிபி வைத்து அதை அள்ளுவார்கள். பூவிழிதான், எடத்த மட்டும் காட்டுங்க ஐயா, அதத் தொடாம விடச் சொல்றேன் என்றாள். காட்ட முடியவில்லையே. தினமும் கடப்பாரையோடு போகிறார். காலால் அளக்கிறார், நிற்கிறார், இங்கே இல்லை என்று தள்ளிப் போகிறார். வந்தால் சாப்பிடுவதில்லை. இந்த மனிதர் எனக்குக் கிடைக்க மாட்டார் போலிருக்கிறது.

பொம்பளைகள் அங்கே போகக்கூடாது என்று மணிவேலை எடுத்துப்போன அன்றைக்கு என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் எனக்கு இடம் தெரியாது. நீ சின்னப் பிள்ளை, அழுதுகொண்டே அவர்கள் பின்னால் ஓடினாய், யாரும் உன்னைத் தடுக்கவில்லை. உனக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லு. ஞாபகம் இல்லாவிட்டாலும் சொல்லு. பாலத்திலிருந்து இத்தனை தூரம், பனைமரத்துக்கு நேராக என்று ஏதாவது ஓர் இடத்தை, யோசிக்காமல் அடித்துச் சொல்லு. அது தப்பான இடமாகவே இருக்கட்டும். அந்த மனிதர் ஓரிடத்தில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வரட்டும். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் என்றைக்கும் வாய் திறந்துவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாத ஒரு வீட்டில் நூறு வயது இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. அம்சவள்ளி

மறந்துவிடாதே, தலைமாட்டில் வேப்பங்கன்று இருந்தது என்று மட்டும் சொல்லாதே. அதை அவர் முதல் நாளே தேடிவிட்டார்.