அம்மா படத்து ஆணி

அன்புள்ள அப்பாவுக்கு,

சஜீதா எழுதுகிறேன். சாவகச்சேரி வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? மாமி பூசிவிடும் எண்ணெயில் முழங்கால் நோ குறைந்ததா? நான் இங்கே சுவிஸில், துன் நகரில் சுகமாக இருக்கிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற விசா கிடைத்துவிட்டது. ஹோட்டல் வேலையை விடுகிறேன். எங்கள் வாடகை வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது; அடுத்துக் குடிவர ஆளை நானே பிடித்துக் கொடுத்தால்தான் உடனே விடலாமாம். “கோடைக்கு வாறன், என்ரை அறையை அப்பிடியே வை” என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை மறக்கவில்லை.

நேற்று வீடு பார்க்க ஒரு சுவிஸ்காரப் பெண் வந்தாள். அவளுக்குப் பிடிக்க வேண்டுமே என்று கறி மணம் போக யன்னல்களைத் திறந்துவிட்டேன். அம்மாவின் படத்தையும் மாலையோடு கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அங்கே என்ன இருந்தது என்று அவள் கேட்டாள்.

மணிக்கூடு என்று சொல்லிவிட்டேன், அப்பா.

அவள் போனதும் படத்தை மாட்டி விளக்கேற்றினேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டைக் கொடுக்கும்போது சுவரில் ஓட்டைகள் இருக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். அம்மா தவறிய அன்று நீங்கள் அடித்த ஆணியை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை. அம்மாவை என்னோடு கொண்டுபோகவா, உங்களிடம் அனுப்பிவிடவா?

வேலைக்கு ஓட வேண்டும். ஏசுவதானால் முதலில் ஏசிவிட்டு, பிறகு பதில் சொல்லுங்கோ.

உங்கள்
சஜீதா