இருபது முடிவதற்குள்

அம்மாவுக்கு,

வக்கீலம்மா முதலில் பார்த்தது, கம்பெனிச் சட்டைக்குள் நான் ஒளித்திருந்த தாலியைத்தான். எனக்குக் கூசியது.

"கட்டறப்ப எத்தினி வயசு?"

"பதினஞ்சுங்க."

"சின்ன வயசுல கட்டினது செல்லாதுன்னு கேஸ் போடலாம். ஆனா இருபது முடியறதுக்குள்ள போடணும். இத்தினி நாளா என்ன புள்ள பண்ணின?"

அடுத்த மாதம் எனக்கு இருபது முடிகிறது. தாலி கட்டிய உன் தம்பியை விட்டு ஓசூருக்கு ஏன் ஓடி வந்தேன் என்று இதிலும் எழுத மாட்டேன். தங்கச்சிதானே உனக்குப் படித்துக் காட்டுவாள். அவளுக்குப் பதினாலுதான் ஆகிறது.

"யாரு கட்டி வெச்சது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"சொந்தக்காரங்க."

"சொந்தத்துக்குப் பேரு இல்லியா?"

தலையைக் குனிந்துகொண்டு உன் பெயரைச் சொன்னேன்.

உன் மூத்தவள்