நீங்கள் நீக்கிய அத்தியாயம்

காக்கா,

உங்கள் இணையப் பக்கம் இன்றும் திறக்கிறது. கீழக்கரைக் கடற்கரையில் வெள்ளைத் தொப்பியோடு நீங்கள் சிரிக்கும் படம். அதன்கீழ், "என் பேரப்பிள்ளைகளுக்கு, ஒன்றையும் மறைக்காமல்" என்ற வரி. அந்த வரியைத் தட்டச்சு செய்தவன் நான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிற்பகல்களில் நீங்கள் சொல்வீர்கள். தம்பியாகிய நான் கணினியில் அடிப்பேன். ஒரு நாள், 1974இல் நீங்கள் துபாய் புறப்பட்ட கதைக்கு வந்தீர்கள். நம் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கேதான் வந்து வாழ்வார். உம்மாவின் வீடு, உங்களுக்குத் தங்கையும் எனக்கு அக்காவுமான லாத்தாவுக்கென்று இருந்தது. "வித்துட்டுப் போங்க காக்கா. எனக்கெதுக்கு இம்புட்டுப் பெரிய வீடு? கூட்டிப் பெருக்கவே பொழுது போயிரும்" என்று சிரித்தவர் அவர். உங்கள் பயணமும் என் பட்டப்படிப்பும் அந்த வீட்டை விற்ற பணத்திலிருந்து வந்தவை. வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. முப்பதைத் தாண்டியபின், தங்கச்சிமடத்தில் படகு வைத்திருந்த ஒரு கிறிஸ்தவரை மணந்துகொண்டார்.

"இதையும் எழுதுறதா?" என்று கேட்டேன்.

"எழுதுப்பா. அவ இல்லாம நாம ஏது?" என்றீர்கள். அன்றே லாத்தாவுக்கு அதைச் சொன்னேன்.

நீங்கள் மவுத்தாகி அடக்கமும் முடிந்த பின்பு பக்கத்தைத் திறந்தேன். அந்த அத்தியாயம் இல்லை. "வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு ஆண்மக்கள் மட்டும்தான்" என்றிருந்தது. உங்கள் மகனிடம் கேட்டேன்.

"நாளைக்கு எம்புள்ளைகளுக்கு சம்பந்தம் பேச வர்றவங்க படிப்பாங்கன்னு வாப்பாவே எடுத்துட்டாங்க சாச்சா. இனி மாத்தவும் ஏலாது. பாஸ்வேர்டு அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

லாத்தாவைத் தங்கச்சிமடத்துக்கு அனுப்பியது நாம் விற்ற வீடு. வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

இன்று காலை லாத்தா வந்தார். "கண்ணுல புரை விழுந்துருச்சு தம்பி. காக்கா என்னையப் பத்தி எழுதியிருக்காகளே, நீயே வாசி" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திரையைப் பார்த்தபடி, அங்கே இல்லாத அத்தியாயத்தை நினைவிலிருந்து வாசித்தேன். கூட்டிப் பெருக்கும் வரி வந்தபோது குலுங்கிச் சிரித்தார். "அதக்கூட மறக்கலை பாத்தியா?" என்றார். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, இத்தனை ஆண்டுகளாகியும் விடாத பழக்கத்தில் இரு கைகளையும் ஏந்தி, உங்கள் பிழைகளைப் பொறுக்கும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டார். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

உங்கள் பொய்யை அவரிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன், காக்கா. அதற்குமேல் என்னால் ஆகாது. அவர் எதிர்பார்த்த ஆமீன் இன்னும் என் வாய்க்குள்தான் இருக்கிறது.