தவிட்டுக்கு வாங்கியவள்

பாரிவாக்கம்,
புரட்டாசி முதல் ஞாயிறு

அன்பு மகன் தமிழரசுக்கு அப்பா கஜபதி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க மாங்காட்டு அம்மன் துணையிருக்கட்டும். எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன், எல்லோரும் என்றால் யார் யார் என்று இப்போதெல்லாம் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். இதில் உள்ளதை வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசக் கூடாது என்று உன் அம்மா இத்தனை நாளாக என் வாயைக் கட்டியிருந்தாள். இப்போது பேசலாம் என்கிறாள், எனக்குத்தான் வாய் வரவில்லை. பக்கத்து ஃபிளாட் ரோஹித் மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து படி.

போன மாதம் நீ கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். என் பொண்ணு என்ன செய்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் அம்மா குறுக்கே விழுந்து, உம் பொண்ணுன்னு சொல்லாதடா, தாயம்மா ஊட்டுப் புள்ளன்னு சொல்லு என்றாளே, பெற்றவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா என்று கத்தினாய். உன் கோபம் நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் அதிகமாகக் கத்தியிருப்பேன். ஆனால் நீ லீவு கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தபோது இங்கே நடந்ததில் பாதியை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. கிருஷ்ணப்பிரியாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து பூந்தமல்லி சாலை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும், அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததும் உனக்குத் தெரியும். வாட்ஸப்பில் வந்த படத்தில் அது எவ்வளவு சிறியது என்று தெரிந்திருக்காது. தொடை என் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. மூக்கில் குழாய், வாயில் குழாய். மூச்சு விட மறந்துபோகும், பெட்டி கத்தும், நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைத் தட்டுவாள், பிறகு ஞாபகம் வந்ததுபோல் மூச்சு விடும். இன்றோ நாளையோ எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அன்று உன் மனைவி அழக்கூட இல்லை, பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றுதான் அம்மா தாயம்மாளிடம் போனாள். ஏரிக்கரையில் மாடு வைத்துக்கொண்டு ஃபிளாட்டுகளுக்குப் பால் ஊற்றுவாளே, அவள்தான். நம் பக்கத்தில், தங்காது என்று பயப்படும் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள், பிள்ளை வேறொருத்தியுடையது என்று ஆகிவிட்டால் தேடி வருகிற எமன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்று கணக்கு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக முப்பது வருஷம் மிஷினைக் கழற்றி மாட்டியவன், தேங்காய்கூட உன் அம்மாவின் நச்சரிப்புக்குத்தான் உடைப்பேன். சிரித்தேன். ஆனால் கூடவே போனேன். பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது, அதனால் அதன் தலையில் முதன்முதல் போட்டுக் கழற்றிய குல்லாவை அம்மா முந்தானையில் ஏந்திக் கொடுத்தாள். ஆரஞ்சுப் பழத்துக்கு மாட்டலாம், அந்த அளவு. தாயம்மாள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முறத்தில் தவிடு அள்ளிக் கொடுத்தாள். எம் புள்ளையும் இப்டித்தான் ஏழாம் மாசத்துல வந்துச்சு, அத வாங்க அன்னிக்கி ஒருத்தரும் வரல என்றாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமே இது எம் புள்ள கமலம், நீ வளத்துகினு இரு, நானே வந்து எம் வாயால குடுத்தாத்தான் உன்னுது, அதுவரைக்கும் யாரும் ஒரிமை கொண்டாடாதீங்க என்றாள். அந்தத் தவிட்டைச் செலவழிக்கக் கூடாது, பிள்ளையைத் திரும்ப வாங்கும்போது அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா அதை ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி பூஜை அலமாரியில் வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து பெட்டி கத்துவது நின்றது. மருந்து பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார், நானும் அதைத்தான் நம்பினேன், இன்றும் பாதி நம்புகிறேன். ஒன்றரை மாதத்தில் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. தாயம்மாள் பால் ஊற்ற வரும்போது ஏணைக்குப் பக்கத்தில் போகாமல் வாசற்படியில் நின்றே பார்ப்பாள், இன்னாடி, எப்டி கீற என்று கேட்பாள், அது அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கும். மதியப் பால் கறந்த கையோடு மூன்று மணிக்கு வருவாள். குழந்தை வீட்டுக்கு வந்த அன்றே திருப்பி வாங்கியிருக்கலாம், ஆனால் ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் நல்ல காரியம் வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் புடவை எடுத்துக் கொடுத்து முறையாக வாங்கிக்கொள்வோம் என்றாள் அம்மா. தாயம்மாளும் சரி என்றாள். ஆடி முடிவதற்குள் ஒரு நாள் மாட்டைக் கட்டிவிட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளை செத்தவளுடையதாக ஆகிவிட்டதே என்று உன் அம்மா நடுங்கியதையும் சொல்லவில்லை. கிருஷ்ணப்பிரியா படித்த பெண், ஐ.டி. கம்பெனியில் நாலு பேரை வேலை வாங்குகிறவள், அவள்கூட அன்றிலிருந்து குழந்தையைத் தனியாக விட்டுக் குளிக்கப் போகவில்லை.

ஆவணியில் பாட்டிலை எடுத்துக்கொண்டு தாயம்மாளின் அண்ணன் மகன் நடேசனிடம் போனோம். அவளுக்கு வாரிசு அவன்தான், அவன் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தோம். அவன் கையை நீட்டவே இல்லை. சாவறதுக்கு மொத நாளே அத்த சொல்லிச்சு மாமா, கஜபதி ஊட்லேர்ந்து தவிடு எடுத்துகினு வந்தா வாங்காத, நானே போய் குடுத்துக்கிறேன்னுச்சு, நான் வாங்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டான். குல்லா எங்கே என்று அம்மா கேட்டாள். அத்தையின் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை, அப்படியே வைத்துத்தான் அடக்கம் செய்தோம் என்றான். பாட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியிலேயே வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் பாட்டிலைப் பார்க்க ஆரம்பித்தேன். தவிடு குறைந்துகொண்டு வந்தது. பூச்சி என்றேன், எலி என்றேன். மூடி இறுக்கமாக இருந்தது, எலி மூடியைத் திறந்து மூடாது. தொழில் புத்தி போகுமா, தவிட்டின் மட்டத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டி வைத்தேன். டேப் அங்கேயே இருந்தது, தவிடு கீழே கீழே போனது. குழந்தையோ நன்றாகத் தேறி வந்தது. தாயம்மாளே வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தவிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள், தீர்ந்தால் பிள்ளை நமக்கு என்றாள் உன் அம்மா. தீர்ந்தால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ மாமா என்று உன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நீ போனில் கத்தியது அந்த வாரம்தான். மூன்று மணியானால் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும், வாசல் பக்கம் திரும்பும், யாரும் இல்லாத படியைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அழகாக இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

போன வெள்ளிக்கிழமை அம்மா அடுப்படியில், கிருஷ்ணப்பிரியா அசந்து தூங்கிவிட்டாள், நான் ஏணைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பச்சைத் தவிட்டு வாசனை வந்தது, கூடவே கறந்த பால் வாசனை. குழந்தை படியைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு வந்தவர்களுக்கு எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்று வாம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு உன் அம்மாவைக் கூப்பிட அடுப்படிக்கு ஓடினேன். நாங்கள் திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கைக்குள் அந்தக் குல்லா இருந்தது, அதில் ஈரமண் ஒட்டியிருந்தது. அலமாரியில் பாட்டில் சுத்தமாகக் காலி, மூடி மூடியபடி இருந்தது. உன் அம்மா அலறவில்லை. விளக்கை ஏற்றி வாசற்படியில் வைத்தாள், குடுத்துட்ட தாயம்மா, நாங்க வாங்கிகினோம் என்று படியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குழந்தையை எடுத்து மார்போடு அணைத்து எம் பேத்தி என்றாள். பிறந்ததிலிருந்து அன்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள், சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஆகவே இனி நீ தாராளமாக என் பொண்ணு என்று சொல்லலாம், அவள் உன் பெண்தான். நீ நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நானே எதை நம்புவது என்று தெரியாமல்தான் இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் வேலை செய்துவிட்டு உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஏதாவது சமைத்துச் சாப்பிடு. கிருஷ்ணப்பிரியாவிடம் இதைப்பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே, அவள் இப்போதுதான் தூங்குகிறாள். தை மாதம் வரும்போது வீட்டுக்கு எடுக்கிற புடவைகளோடு பச்சையில் பெரிய கரை போட்டு ஒன்று அதிகமாக எடுத்து வா, பிள்ளையைத் திரும்பக் கொடுத்தவளுக்கு முறை பாக்கி இருக்கிறது. நீ நீண்ட ஆயுளோடும் குறையாத வேலையோடும் மகளைத் தோளில் தூக்கி வளர்க்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இன்னொன்று, மறக்காதே. உன் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போடுகிறாயே, அதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள். உனக்கு ஒன்றரை என்றால் இங்கே மூன்று மணி. அந்த நேரத்தில் நாங்கள் வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம், குழந்தை உன் பக்கம் திரும்பாது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா,
கஜபதி